சக்கரத்துக்குப் பின்னால் கரடி

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் என் வீட்டுக்காரருக்கு ஒரு சின்ன வீடு அமைந்தது. பொம்பளை இல்லை, கரடி. கம்ப்யூட்டரில் முகம் தெரியாதவர்களெல்லாம் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு அது. அதில் இவர் வேட்டைக்காரர், கூடவே சுற்ற ஒரு கரடி. லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வந்ததும் கிரீஸ் கையைக் கழுவிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஆற்றில் மீன் பிடித்து அதற்குப் போடுவார். "பசியா இருந்தா இது சண்டை போடாது, தெரியுமா?" என்பார். "எனக்குப் பசிச்சா நான் போடுவேன், பாக்குறீங்களா?" என்பேன். சிரித்துக்கொண்டே எழுந்து சாப்பிட வருவார். பன்னிரண்டு வருஷம் இப்படியே குடும்பம் ஓடியது.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு கட்டிடத்தின் மெஷின் ரூமில் விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால் இரண்டும் போச்சு. பேச்சும் போச்சு. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம்: "அதான்". தண்ணீர் வேண்டுமா என்றால் அதான். வலிக்கிறதா என்றால் அதான். தலையில் அடித்துக்கொண்டு நான் அழுதபோதும் அதான்.

நரம்பு டாக்டர் மேஜைமேல் பேனா, சாவி, சீப்பு மூன்றையும் வைத்து, "சாவி எது, தொட்டுக் காட்டுங்க" என்றார். இவர் ஜன்னலைப் பார்த்தார். மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஜன்னல்தான்.

"நாம பேசுறது அவருக்கு வெறும் சத்தம்மா" என்றார் டாக்டர். "பழகின வேலைய கை தானா செய்யும். அத வச்சு, புரியுதுன்னு நினைச்சுக்காதீங்க."

அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது என்பதுதான் நிஜம். எனக்குக் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற பட்டறையில் வேலை. எட்டு மணி நேரம் ரெக்சினை இழுத்து இழுத்துத் தைத்துவிட்டு வந்து, எழுபத்தெட்டுக் கிலோ மனிதரைத் தூக்கி, துடைத்து, துணி மாற்றி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு தடவை அவரோடு சேர்ந்து நானும் குளியலறையில் விழுந்தேன். இடுப்பு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. "இன்னொரு தடவை லீவுன்னா வேற ஆள் பாத்துக்குவேன்" என்று பட்டறை மேஸ்திரி சொல்லிவிட்டார். இதற்கு நடுவில், கேட்கிறவருக்கு மனசு நோகுமே என்று வாயையும் கட்டிவைத்துக்கொண்டிருக்க முடியுமா? புரியாதவர்தானே என்று வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். எதிர் வீட்டு அக்காவிடம், இவருக்கு நகம் வெட்டிக்கொண்டே, "அன்னைக்கே ஒரேயடியா போயிருந்தா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்றேன். இவர் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இவருடைய கூட்டாளி ஒருவர் உண்டு, ஆந்தை என்று பேர். சரக்கு லாரி ஆபீசில் வேலை. பன்னிரண்டு வருஷமாக விளையாட்டில் கூடவே இருக்கிறார், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை. மூன்றாம் மாதம் எதற்கோ கம்ப்யூட்டரைத் திறந்தபோது ஹெட்போனில் அவர் குரல் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணி, அண்ணன் இடது கைல மவுஸக் குடுத்துப் பாருங்க" என்றார். "வேட்டைக்காரனுக்கு ஒரு கை போதும். மிச்சத்தக் கரடி பாத்துக்கும்."

கொடுத்தேன். கரடி எழுந்து நடந்தது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஆனால் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது, பழகின கை. சரி, ஒரு மணி நேரம் இவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் நான் துணி துவைப்பேன் என்று விட்டுவிட்டேன்.

ஆந்தை என்னையும் விடவில்லை. மகளின் பழைய லேப்டாப்பில் எனக்கும் ஒரு வேட்டைக்காரியை உண்டாக்கி, பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். கூட வருவதற்கு ஒரு காட்டுப்பன்றியைப் பிடித்தேன். மூஞ்சி அப்படியே மேஸ்திரி. அந்தப் பேரையே வைத்தேன். நாள் முழுக்க அவர் என்னை ஏவுகிறார், ஞாயிற்றுக்கிழமையாவது நான் அவரை ஏவுகிறேனே.

ஆந்தை பாடம் எடுத்தார். மிருகத்தை முன்னால் அனுப்பு, நீ பின்னால் நில். அது அடி வாங்கட்டும், நீ அம்பு விடு. அதற்குப் பாதி உயிர் போவதற்குள் கட்டுப் போடு. கண்டவன் மேலெல்லாம் பாய விடாதே, சொன்னால்தான் பாய வேண்டும். முக்கியமாக, உயரத்திலிருந்து குதிக்கிறதுக்கு முன்னால் மிருகத்தை மறைய வைத்துவிடு, கீழே போய் மறுபடி கூப்பிட்டுக்கொள்ளலாம். அது குதிக்காது. படி வழியாகச் சுற்றிக்கொண்டு வரும், வழியில் தூங்குகிறதையெல்லாம் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வரும்.

இதற்கிடையில் வெளியூரில் இருக்கிற மகள் ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்தாள். நல்ல இடம்தான், சுத்தமாக இருந்தது. அங்கே ஒரு விதி. சொன்னால் புரிந்துகொள்கிறவராக இருந்தால், வருகிறவரே தன் வாயாலோ சைகையாலோ சம்மதம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சேர்க்க மாட்டார்கள். புரியாதவர் என்றால் வீட்டாரின் கையெழுத்து போதும். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து படிவத்தை எழுதினேன். மகள் போனில், ஸ்பீக்கரில் இருந்தாள். இவர் எதிரே இருந்தார்.

"அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமாம்மா?"

"உங்கப்பாவுக்கா? அவர் உக்காந்திருக்கிற நாற்காலிக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு."

'சொல்வதைப் புரிந்துகொள்வாரா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். செவ்வாய்க்கிழமை வண்டி வரும் என்றார்கள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் ஆடினோம். அந்த வாரம்தான் விளையாட்டில் புதிதாக ஒரு பாழடைந்த சுரங்கம் திறந்திருந்தார்கள். ஆந்தை மட்டும் முந்தின நாள் ஒரு தடவை போய் அடி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். எனக்கும் இவருக்கும் அதுதான் முதல் தடவை.

ஒரு மேட்டு விளிம்பு வந்தது. ஆந்தை குதித்தார். இவர் கரடியை மறைய வைத்துவிட்டுக் குதித்தார். நானும் குதித்தேன். குதித்த பிறகுதான் மேஸ்திரியை மேலேயே விட்டுவிட்டது உறைத்தது. கொஞ்ச நேரத்தில் மேலே படிக்கட்டில் தடதடவென்று சத்தம். என் பன்றி ஓடி வந்தது, பின்னாலேயே சுரங்கம் மொத்தமும் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அண்ணி, நீங்க எதையும் தொடாதீங்க" என்றார் ஆந்தை. "அண்ணே, உங்களுக்கு இடது பக்கம் உடைஞ்ச சக்கரம் ஒண்ணு கிடக்கு பாருங்க. கரடிய அதுக்குப் பின்னால நிறுத்துங்க. பாய விடாதீங்க. நான் மூணு எண்ணினதும் கொம்பு வச்சவன் மேல மட்டும் ஏவுங்க. மத்தவன நான் பாத்துக்கிறேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். இவர் கரடியை வரவழைத்தார். மூன்று சக்கரம் கிடந்தது அங்கே. இரண்டு முழுசு, ஒன்று உடைந்தது. கரடி உடைந்ததற்குப் பின்னால் போய் நின்றது. ஒன்று, இரண்டு என்று ஆந்தை எண்ணும்போது, பக்கத்தில் ஓடுகிற எலும்புக்கூடுகளைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது. மூன்று என்றதும் கொம்பு வைத்தவன் மேல் விழுந்தது.

பிழைத்தோம்.

"தம்பி, அவருக்கு நீங்க பேசுறது புரியுதா?" என்று கேட்டேன்.

"என்ன அண்ணி இப்படிக் கேக்குறீங்க? எட்டு மாசமா நான் சொல்றதக் கேட்டுத்தானே ஆடுறாரு. பேச்சு வரலையே தவிர, மனுஷன் அதே மனுஷன்தான்."

இவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அதான்" என்றார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், இல்லையா? புருஷனுக்குப் புரிகிறது என்றால் எந்தப் பெண்டாட்டியும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள். நானோ குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். நகம் வெட்டிய அன்று நான் சொன்னது. நாற்காலி என்று சொன்னது. ஒரு நாள் தட்டை அவர் முன்னால் நங்கென்று வைத்து, "கொட்டிக்கோ" என்றது. ஒவ்வொன்றாக வந்து நின்றது. பதினோரு மாதமும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நான் ஊட்டியதையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். டாக்டரிடம் ஏன் ஜன்னலைப் பார்த்தார்? முப்பது மாடி லிஃப்டைப் பிரித்து மாட்டுகிற ஆளைப் பார்த்துச் சாவி எது என்று கேட்டால் என்ன செய்வார்.

விஷயத்தைச் சொல்லத்தான் திங்கட்கிழமை காலை மகளுக்குப் போன் போட்டேன். அவள் எடுத்ததும், அப்பாவின் சட்டைகளில் எத்தனை கொடுத்தனுப்பலாம் என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

நான் ஒன்றும் நல்லவள் இல்லை, அது எனக்கே தெரியும். ஆனால் அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்து அவரைத் தூக்கியபோது இடுப்பில் சுரீரென்று பிடித்தது, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். புரியாதவரைத் தூக்கினாலும் புரிகிறவரைத் தூக்கினாலும் கனம் ஒன்றுதான்.

படுக்க வைத்துவிட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தேன். "நாளைக்கு வண்டி வருதுங்க" என்றேன். கல்யாணமான புதிதில் பேசிய மாதிரி என் குரல் மெலிந்திருந்தது. "என்னால முடியலைங்க. உங்களுக்கு இஷ்டமான்னு நான் கேக்கவே இல்ல. இப்பக் கேக்குறேன். உங்களுக்கு இஷ்டமா?"

அந்த ஒரு வார்த்தையாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை, இமை துடித்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வண்டி வந்தது. சக்கர நாற்காலியோடு இரண்டு பேர், ஒரு நர்ஸ். நர்ஸ் சின்னப் பெண், கையில் நான் எழுதிய படிவம்.

"எழுதியிருக்கீங்க, இருந்தாலும் ஏத்துறதுக்கு முன்னால நாங்களும் ஒரு தடவை கேட்டுப் பாக்கணும்மா" என்றாள். இவர் முன்னால் குனிந்தாள். "அய்யா, நான் பேசுறது புரியுதா? புரிஞ்சா இந்தக் கைய லேசா தூக்குங்க." இடது கையைத் தொட்டுக் காட்டினாள்.

தூக்கிவிட்டால் அடுத்து அவர் சம்மதத்தைக் கேட்பார்கள், வண்டி காலியாகத் திரும்பிப் போகும். தூக்கட்டும் என்று நினைத்தேன். தூக்கிவிடக் கூடாதே என்றும் நினைத்தேன். பொய் சொல்வானேன், இரண்டாவதுதான் அதிகம்.

கை தொடைமேல் கிடந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை. வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டார். எச்சில் வழிந்தது. எச்சில் வழிந்தால் அவருக்குப் பொறுக்காது, இடது கையால் உடனே துடைத்துக்கொள்வார். இப்போது அதை வழிய விட்டுவிட்டு, அந்தப் பெண்ணைத் தாண்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்மேல் இரக்கமா, இனி என் முகத்திலேயே முழிக்கக் கூடாது என்கிற வெறுப்பா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நர்ஸ் நிமிர்ந்து பேனாவைத் திறந்தாள். "புரியாதுன்னே போட்டுக்கட்டுமாம்மா?"

என் முந்தானையால் அவர் மோவாயைத் துடைத்தேன்.

"புரியாதும்மா" என்றேன், அவர் காதுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு.