கூட்ஸ் வண்டி கடந்து போகும் வரை

இராயபுரத்துக்கும், சுற்றியுள்ள பேட்டைகள் அனைத்துக்கும், முடிந்தால் உலகத்துக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், கல்மண்டபத்துக்கு வடக்கே தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் தேவவரம் ஞாபகார்த்த உயர்நிலைப் பள்ளி நூறு ஆண்டுகளை நிறைவு செய்துவிட்டது. வானம் பூமாரி பொழியவில்லை. மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வழக்கமான நாற்றம்தான் வந்தது.

பழைய மாணவர் சங்கத் தலைவரும் தண்டையார்பேட்டை இரும்புக்கடை முதலாளியுமான வேதமாணிக்கம் பன்னிரண்டு பக்க உரையோடு மேடையில் நின்றார். அந்த உரையில் பள்ளி நாளந்தாவுக்கு அண்ணனாகியிருந்தது. நிஜத்தில் அது உருவாக்கியது கிரேன் ஓட்டுபவர்களையும், கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜெண்டுகளையும், ராஜாத்தி என்ற ஒரே ஒரு கவுன்சிலரையும், வருடம் தவறாமல் முதல் சுற்றிலேயே தோற்ற கால்பந்து அணியையும்தான்.

இத்தனை ஏற்பாடும் ஒரே ஒரு ஆசைக்காக. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, எண்பது தாண்டிய சரித்திர டீச்சர் சுகிர்தம், ஊரறிய ஒரு தடவை வேதமாணிக்கத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். டீச்சருக்குச் சால்வை போர்த்தும்போதே கேட்டுப் பார்த்தார்.

“நான் யாருன்னு தெரியுதா டீச்சர்?”

“தெரியாம என்னப்பா? நல்லா இருக்கியா?”

போன நிமிடம் மைக் செட்காரரிடமும் டீச்சர் இதையேதான் சொல்லியிருந்தார்.

மூன்றாம் பக்கம் வந்தபோது, கூடப் படித்த ஐஸ் வியாபாரி கமாலுதீன் கூட்டத்திலிருந்து குரல் விட்டார். “மாமு, இன்னும் எம்மாம் பக்கம் கீது? பிரியாணி ஆறிகினு கீதுப்பா!”

வேதமாணிக்கம் குரலை உயர்த்தினார். “இப்பள்ளியின் மாபெரும்...”

அந்த நேரம் பார்த்து, துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வந்தது.

அந்தப் பள்ளியில் கூட்ஸ் வந்தால் கட்டடமே ஆடும். அந்த நாட்களில் வகுப்பில் சுகிர்தம் டீச்சர் சாக்பீஸைத் தூக்கிப் பிடித்தபடி பாதி வார்த்தையில் நின்றுவிடுவார். பிள்ளைகள் வேகன்களை எண்ணுவார்கள். கடைசி வேகன் போனதும் டீச்சர் யாரையாவது காட்டி, “எங்க விட்டேன்?” என்பார். விட்ட வார்த்தையைச் சொல்லாதவர் அடுத்த கூட்ஸ் வரும்வரை நிற்க வேண்டும். அக்பர் ஆட்சி முழுவதையும் நின்றுகொண்டே கடந்தவர்கள் இருவர்: வேதமாணிக்கமும் கமாலுதீனும், பக்கத்தில் பக்கத்தில்.

இப்போது ஆள் உயர ஸ்பீக்கர்கள் இருந்தன. இளம் தலைமையாசிரியர், ‘பேசுங்க சார்’ என்று சைகை காட்டினார். வேதமாணிக்கத்தின் வாய் தானாக மூடிக்கொண்டது. வழுக்கைத் தலைகளும் பட்டுப்புடவைகளும் ஒரே வீச்சில் ஜன்னல் பக்கம் திரும்பின. உதடுகள் அசைந்தன. கவுன்சிலர் ராஜாத்தி விரல் விட்டு எண்ணினார். மேற்கூரையிலிருந்து அதே பழைய தூசி அதே மாதிரி உதிர்ந்தது. வேதமாணிக்கத்துக்குத் தன் தோளில் கிடந்த சால்வையின் கனம் மறந்தது. கால்சட்டை இடுப்பிலிருந்து நழுவுவது போலவும், பாக்கெட்டில் உப்பு மாங்காய் பிசுபிசுப்பது போலவும் இருந்தது.

கடைசி வேகன் போனது. சுகிர்தம் டீச்சரின் சாக்பீஸ் இல்லாத கை மெல்ல எழுந்து, மேடையைக் காட்டியது.

“எங்க விட்டே?”

மாபெரும் என்ன? காகிதம் கையில்தான் இருந்தது. எழுத்துதான் தெரியவில்லை. கண்ணில் நீர்.

“முப்பத்தெட்டு, டீச்சர்” என்றார் மைக்கில்.

“முப்பத்தொம்போதுடா சோமாறி!” என்றார் கமாலுதீன். சிரிப்பில் கூடம் அதிர்ந்தது.

டீச்சரும் குலுங்கிச் சிரித்தார். “அப்ப நில்லு.”

நின்றார். கைதட்டல் ஓயவில்லை. இனி சந்தேகமில்லை, டீச்சருக்குத் தன்னைத் தெரிந்துவிட்டது என்று நெஞ்சு விம்ம நின்றார். யாரும் அவரைப் பேசச் சொல்லவில்லை. கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தது. கைத்தாங்கலாக வந்த சுகிர்தம் டீச்சர் மேடையருகே நின்று அண்ணாந்து பார்த்தார்.

“இன்னும் நிக்கிறியா? போதும்ப்பா. உக்காரு, கமாலுதீன்.”

பிரியாணிக்காக எழுந்திருந்த கமாலுதீன், “சரிங்க டீச்சர்” என்று மறுபடி உட்கார்ந்தார்.

வேதமாணிக்கமும் உட்கார்ந்தார்.

பிரியாணி ஆறிப்போயிருந்தது.