பெட்டியைக் கட்டிய கயிறு

ஹனோவர் ரயில் நிலையத்தில் கிருஷ்ணமூர்த்தி வந்து இறங்கிய கோலத்தைப் பார்த்ததும், அவர் பெட்டியை எங்கேயாவது ஒளித்து வைத்துவிடலாமா என்றுதான் வத்சலாவுக்கு முதலில் தோன்றியது. மனிதர் ஊரில் கால்நடைத் துறையில் பெரிய அதிகாரி. கோட்டு, டை, முகம் பார்க்கலாம் போல மினுக்கிய பூட்ஸ், அதெல்லாம் சரிதான். ஆனால் கையிலிருந்த தோல்பெட்டியைத் தேங்காய் நார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாக ஏழெட்டுச் சுற்றுக் கட்டியிருந்தார். பிளாட்பாரத்தில் போன ஜெர்மன்காரர்கள் ஒரு தரம் பெட்டியைப் பார்த்தார்கள், ஒரு தரம் வத்சலாவைப் பார்த்தார்கள், நாகரிகமாக நகர்ந்துவிட்டார்கள். அவளுக்கு மானமே போயிற்று.

பூட்டு கெட்டுப்போய்விட்டது என்றும், கயிறு கிளம்புவதற்கு முதல் நாள்தான் வாங்கியது, புத்தம் புதுசு என்றும் அவள் கேட்காமலே சொன்னார். பெட்டியை அவள் அறையில் வைத்துவிட்டு வர நேரமில்லை. மாட்டு ஏலம் பத்து மணிக்கு. அது நடக்கிற ஊருக்கு இன்னொரு ரயில் மாறி ஒரு மணி நேரம் போக வேண்டும். ஆக, பெட்டியும் ஏலத்துக்கு வந்தது.

1969, மார்ச் மாதத்துக் கடைசி சனிக்கிழமை அது. வத்சலா ஹனோவரில் கால்நடை மருத்துவ ஆராய்ச்சிக்கு வந்து மூன்றாவது வருஷம். நீலகிரிப் பண்ணைக்கு ஒரே ஒரு நல்ல ஜாதிக் கிடாரி வாங்கி அனுப்பத் துறை சம்மதித்திருந்தது. அந்தச் சம்மதத்தை வாங்குவதற்குள் அவள் எழுதிய கடிதங்களை நிறுத்துப் பார்த்தால் கிடாரி எடைக்கு வரும். சாங்ஷன் மார்ச் முப்பத்தொன்றோடு காலாவதி. திங்கட்கிழமை போனால் காகிதம் வெறும் காகிதம். கிருஷ்ணமூர்த்தி நேரில் பார்த்துச் சரியென்று கையெழுத்துப் போட வேண்டும். அவர் வந்து சேர்ந்ததோ சனிக்கிழமை காலை.

எந்தக் கிடாரி என்பதை வத்சலா குளிர்காலத்திலேயே முடிவு செய்துவிட்டாள். பால் மாதிரி எடுப்பதற்காகப் பண்ணை பண்ணையாக அலைந்தபோது ஒரு தொழுவத்தில் பார்த்தது அது. கறுப்பும் வெள்ளையுமாக, அகன்ற இடுப்போடு நின்றது. பெயர் லோட்டே. அது பிறந்த நாளிலிருந்து வளர்த்தவள் ஆங்கே என்ற பதினைந்து வயதுப் பெண். அவளுடைய அப்பா ஹனோவரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மாடுகளை விற்றுத் தொழுவத்தைப் பூட்டிவிடலாம் என்பது அவர் எண்ணம். ஆங்கே மல்லுக்கட்டி ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். இளைஞர் கால்நடைச் சங்கத்து ஏலத்தில் லோட்டே வளர்ப்புக்கு விலை போனால், மீதி மூன்று மாடுகளும் அவளுக்கு, தொழுவமும் அவளுக்கு. கசாப்புக்குப் போனால் எல்லாவற்றுக்கும் முழுக்கு.

இதைச் சொன்னபோது அந்தப் பெண் அழவில்லை, கெஞ்சவுமில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாணியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். வத்சலாதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், நான் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஏலம் நடந்தது ஒரு பெரிய தகரக் கொட்டகையில். மண்ணுக்கு மேல் வைக்கோல் பரப்பி, கட்டையால் வட்டமாக அடைத்திருந்தார்கள். பையன்களும் பெண்களும் தாங்கள் வளர்த்த கன்றுகளைக் குளிப்பாட்டிச் சீவி, வாலைக்கூடச் சிக்கெடுத்து விட்டிருந்தார்கள். ஆங்கே தன் நீல மேலங்கியில் நின்றுகொண்டிருந்தாள். வத்சலாவைப் பார்த்ததும் தலையை மட்டும் ஒரு தரம் அசைத்தாள். லோட்டேயின் தலையில் வெள்ளையும் நீலமுமாகப் பின்னிய தலைக்கயிறு. பின்னியவள் ஆங்கேதான்.

பத்து மணிக்கு ஏலக்காரர் பலகை மேல் ஏறி விதிகளைச் சொன்னார். சிவந்த முகம், வெங்கலத் தொண்டை. விலை முடிந்ததும் விற்றவர் தலைக்கயிற்றை வாங்கினவர் கையில் கொடுப்பார். கயிறு கைமாறினால்தான் மாடு கைமாறியதாகக் கணக்கு. வாங்கினவர் வட்டத்தை விட்டு வெளியேறுவதற்குள் கயிற்றைத் திருப்பிக் கொடுத்தால், மாட்டில் குறை கண்டு வேண்டாமென்கிறார் என்று அர்த்தம். அப்போது மாடு அடுத்த விலை கேட்டவருக்குப் போய்விடும். பேச்சுக்கு இடமில்லை.

வத்சலா ஒன்று விடாமல் தமிழில் சொன்னாள். யாருக்குச் சொன்னாள் என்பதுதான் கேள்வி. கிருஷ்ணமூர்த்தி அங்கே இல்லை. டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, லோட்டேயைச் சுற்றி வந்து சுழி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆமாம், சுழிதான். மனிதர் கறவை மாட்டு இனவிருத்தியில் பட்டம் வாங்கியவர், அட்டவணையும் சதவீதமுமாகப் பேசுகிறவர். ஆனால் பிறந்தது தாராபுரம் பக்கம், மாட்டுக்காரக் குடும்பம். மாட்டைக் கண்டால் கை தானாக அதன் நெற்றிக்குப் போய்விடும். முதுகைத் தடவினார், திமில் இருக்க வேண்டிய இடத்தைத் தேடி ஏமாந்தார், கடைசியில் நெற்றியில் கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வத்சலா, லட்சுமி சுழிம்மா. நெத்தியில நடு மத்தியில. இதை விட்டுட்டு நாம எதை வாங்கறது?"

வத்சலா மூன்று மாதம் லோட்டேயின் தாய்ப் பசுவின் பாலை அளந்து, தாய் வழி தகப்பன் வழி எல்லாம் தோண்டி எழுதிய முப்பது பக்க அறிக்கையை அவர் ரயிலில் புரட்டிப் பார்த்ததோடு சரி. ஒரு முடிச் சுருளில் காரியம் முடிந்துவிட்டது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எப்படியோ கையெழுத்து விழுந்தால் போதும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

லோட்டேயின் முறை வந்தது. கேட்டவர்கள் ஆரம்பத்தில் நாலைந்து பேர். அப்புறம் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். வத்சலா ஒருத்தி. இன்னொருவர் வேலியில் சாய்ந்து நின்ற கசாப்புக்கடைக்காரர். அவர் அவசரமே இல்லாமல் ஒற்றை விரலைத் தூக்கித் தூக்கி விலையை ஏற்றினார். துறை கொடுத்திருந்த உச்ச வரம்புக்கு இன்னும் ஒரே ஒரு படி இருந்தது. வத்சலா கையைத் தூக்கினாள். அந்த மனிதர் தொப்பியைத் தள்ளித் தலையைச் சொறிந்தார், லோட்டேயைப் பார்த்தார், விரலைப் பையில் போட்டுக்கொண்டார். சுத்தியல் விழுந்தது. வத்சலாவுக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது.

ஆங்கே லோட்டேயை நடத்திக்கொண்டு வந்தாள். முகத்தில் வெயில் வந்துவிட்டது. தலைக்கயிற்றை இரண்டு கையாலும் வட்டத்துக்குள் வந்து நின்ற கிருஷ்ணமூர்த்தியிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, லோட்டேயின் தலையிலிருந்து அந்தக் கயிற்றைப் பக்குவமாகக் கழற்றி, அழகாகச் சுருட்டி, ஆங்கேயின் கையிலேயே திரும்ப வைத்து, அவள் தலையைத் தொட்டு ஆசீர்வாதமும் செய்தார்.

ஆங்கே கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. வேலி ஓரத்தில் அவள் அப்பா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார், வீட்டுக்குக் கிளம்புகிறவர் மாதிரி. ஏலக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாங்கினவர் மறுத்துவிட்டார், மாடு அடுத்தவருக்கு என்று அறிவித்தார். கசாப்புக்கடைக்காரர் வட்டத்துக்குள் இறங்கி வந்து கையை நீட்டினார்.

வத்சலாவுக்குக் காதில் ரயில் ஓடியது. தன் வாக்கு, மூன்று வருஷ வேலை, அந்தப் பெண்ணின் தொழுவம், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மனிதர் சுருட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"சார், என்ன சார் பண்ணிட்டீங்க? கயித்தைக் கொடுத்தா மாடு வேண்டாம்னு அர்த்தம். கசாப்புக்குப் போயிடும் சார்."

கிருஷ்ணமூர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை. கசாப்புக்கடைக்காரர் நீட்டிய கையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. "வேண்டாம்னு யாரு சொன்னா? மாட்டை வித்தாலும் கயித்தை விக்கக் கூடாதும்மா. கயிறு போச்சுன்னா வீட்டு லட்சுமியும் கூடவே போயிரும். அந்தத் தொழுவம் அப்புறம் நிறையாது. சின்னப் பொண்ணு, தெரியாம கொடுக்குதுன்னு நான்தான் திருப்பிக் கொடுத்தேன்."

மாம்பலத்தில் பிறந்து, பால்காரர் வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வரும் மாட்டைத் தவிர வேறு மாடு பார்க்காமல் வளர்ந்த வத்சலாவுக்கு இந்த வழக்கம் அன்றுதான் தெரியும். ஆனால் தொழுவம் நிறையாது என்ற வார்த்தை அவள் நெஞ்சில் தைத்தது. கட்டையைத் தாண்டி வட்டத்துக்குள் குதித்தாள். புடவை ஆணியில் மாட்டி ஒரு முழம் கிழிந்தது. அதைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. ஏலக்காரருக்கும், கசாப்புக்கடைக்காரருக்கும், வேலியைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஜெர்மனில் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. மாடு எங்களுக்கு வேண்டும். கயிறு மட்டும் இந்தப் பெண்ணின் தொழுவத்தில் இருக்க வேண்டும். அங்கே அடுத்த கன்று வர வேண்டும் என்பதற்காகக் கொடுத்தார்.

ஆங்கே கயிற்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கசாப்புக்கடைக்காரர் நீட்டிய கை அப்படியே நின்றது.

ஏலக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் விதியை விடமாட்டாதவர். கதை அழகாக இருக்கிறது என்றார். ஆனால் விற்றவர் கையிலிருந்து வாங்கினவர் கைக்கு ஒரு கயிறு வராமல் இந்தக் கொட்டகையிலிருந்து எந்த மாடும் போனதில்லை, இன்றைக்கும் போகாது என்றார். உங்கள் ஊரில் பின்னே மாட்டை எதைப் பிடித்து ஓட்டிக்கொண்டு போவீர்கள் என்று கேட்டார்.

வத்சலா கேள்வியைத் தமிழில் சொன்னாள். வாங்கறவன் புதுக் கயிறு கொண்டுவருவான் என்று சொல்ல ஆரம்பித்த கிருஷ்ணமூர்த்தி பாதியிலேயே நிறுத்திவிட்டு வேலி ஓரத்துக்கு ஓடினார். அந்த வயதில், அந்த பூட்ஸில், அவர் அப்படி ஓடுவார் என்று துறையில் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அங்கே வைத்திருந்த பெட்டியில் கயிற்று முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். ஏழெட்டுச் சுற்றும் அவிழ்ந்ததும், பூட்டு கெட்ட பெட்டி வாயைப் பிளந்து, உள்ளே இருந்ததை எல்லாம் வைக்கோலில் கொட்டிவிட்டது. குரங்குக் குல்லாய், வேட்டி, அப்பளக் கட்டு, வத்சலாவின் அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய், அச்சு வெல்லப் பொட்டலம். அவர் எதையும் பார்க்கவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து ஆங்கேயிடம் நீட்டினார்.

ஆங்கேக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நார்க் கயிற்றை லோட்டேயின் தலையில் சுற்றி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்தாள். பிறகு நுனியைக் கிருஷ்ணமூர்த்தியின் கையில் வைத்தாள்.

"விற்றவர் கையிலிருந்து வாங்கினவர் கைக்கு" என்றாள் ஏலக்காரரைப் பார்த்து.

அவர் சுத்தியலை இன்னொரு தரம் தட்டினார். கசாப்புக்கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு, குனிந்து அப்பளக் கட்டைப் பொறுக்கி, அது என்னவென்று தெரியாமல் மோந்து பார்த்து, பெட்டியில் வைத்தார். லோட்டே வெல்லத்தைக் கண்டுபிடித்துவிட்டது. கிருஷ்ணமூர்த்தி அது நக்கி முடிக்கும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஆங்கேயின் அப்பா தொப்பியை மறுபடி கழற்றிவிட்டார்.

கையெழுத்து அங்கேயே விழுந்தது, பெட்டியின் மேலேயே வைத்து. திரும்பி வரும்போது திறந்த பெட்டியை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஹனோவர் பிளாட்பாரத்தில் மறுபடி எல்லாரும் பார்த்தார்கள். வத்சலாவுக்கு அப்போது மானம் அவமானம் எதுவும் தோன்றவில்லை.

லோட்டே கப்பலேறி, மலையேறி, நீலகிரியில் நாலு ஈற்று ஈன்றது. வத்சலாவும் படிப்பை முடித்துக்கொண்டு அதே பண்ணைக்கு வந்து சேர்ந்தாள். 1975இல் அங்கே பிறந்த ஒரு கலப்பினக் கிடாரியைக் கீழ்க் கிராமத்து நாகலட்சுமி என்ற பெண் வாங்க வந்தாள். இடுப்பில் புதுக் கயிறு சுற்றியிருந்தது. வத்சலா யாரும் சொல்லாமலே பழைய கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். அன்று மாலையே ஆங்கேக்கு எழுதினாள்.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. உள்ளே ஒரு புகைப்படம். வெள்ளையடித்த தொழுவத்துச் சுவர், அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு தலைக்கயிறு. வத்சலா எண்ணிப் பார்த்தாள், பதினொன்று. பின்பக்கம் ஆங்கே இரண்டே வரி எழுதியிருந்தாள். முதல் ஆணியில் இருப்பது லோட்டேயுடையது. இந்த வாரம் அப்பா இன்னும் நாலு ஆணி அடித்துக் கொடுத்திருக்கிறார்.