சர்க்கரை அட்டை

வரிசை நகரவில்லை. ரேஷன் கடைக்கு முன்னால் சுண்ணாம்பால் போட்ட வட்டங்களில் பைகளும் செருப்புகளும் நின்றன. அவற்றுக்கு உரியவர்கள் வேலியோரப் புங்கமர நிழலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அமுதவல்லி மட்டும் தன் வட்டத்துக்குள் நின்றிருந்தாள். அவள் கையிலிருந்தது ஓரகத்தி கலைமணியின் அரிசி அட்டை.

"உனக்கு சக்கரை கார்டு தான அமுதா? நீ எதுக்கு வெயில்ல காயற?" என்று நிழலிலிருந்து கண்ணம்மாள் கேட்டாள்.

"எங்க கொழுந்தனார் வூட்டுக்கு."

கொழுந்தனார் மாதவராஜ் பெங்களூரில் டைல்ஸ் பதிக்கிறவன். ஊரடங்கு போட்டதும் காய்கறி லாரியில் ஏறி வந்தவன் அந்த வாரமே படுத்துவிட்டான். அடுத்து கலைமணிக்கும் காய்ச்சல். இரண்டு பேருக்கும் கொரோனா என்று ஊருக்கே தெரியும். கண்ணம்மாள் முகக்கவசத்தை மூக்குக்கு ஏற்றினாள். ஒருத்தி எழுந்து வந்து தன் பையை வட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டு விலகினாள். பிறகு இன்னொருத்தி. கடைக்காரர் எட்டிப் பார்த்து, அந்தம்மாவை முதலில் அனுப்பிவிடுங்கள் என்றார்.

அமுதவல்லி காலியான வட்டங்களைத் தாண்டிப் போனாள். நேற்றுவரை இந்த ஊரில் யாரும் அவளுக்கு வழிவிட்டதில்லை. கலைமணியின் காய்ச்சலுக்கு விட்டார்கள்.

கடைக்காரர் அட்டையை ஓரத்தில் பிடித்து வாங்கினார். நிவாரணப் பணத்தை உறையில் வைத்துத் தள்ளினார். மளிகைப் பையையும் அரிசி மூட்டையையும் மேசைமேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார். மூன்றுமே அரிசி அட்டைக்குத்தான், சர்க்கரை அட்டைக்குக் கிடையாது.

அண்ணனும் தம்பியும் பாகம் பிரிந்து, வீட்டின் நடுவே சுவர் வைத்து, தனித்தனி அட்டைக்கு எழுதிக் கொடுத்தபோது, அரிசியா சர்க்கரையா என்று கேட்டார்கள். அமுதவல்லியின் கணவன் குப்புராஜ் பாப்பாரப்பட்டி பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்தான். அரிசி வேண்டாம் என்றால் சர்க்கரை கூடுதலாகக் கிடைக்கும், கடைக்கு ஆகும் என்று சொன்னது அமுதவல்லிதான். அப்போது வீட்டில் வெளிக்கடையில் விலைக்கு வாங்கிய அரிசிச் சோறு. கலைமணி ரேஷன் அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கும்போது, "எங்க வூட்டு கோழிகூட இத திங்காது" என்று அமுதவல்லி சிரித்திருக்கிறாள். கலைமணியும் சிரித்தாள். பிறகு ஒருமுறை, சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. கடையில் நல்ல வியாபாரம். யார் போய் நிற்பது என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது கடை மூடிக் கிடக்கிறது. குப்புராஜ் சைக்கிளில் டீ கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பிப் பார்த்தான். போலீஸ்காரர் கேனை வாங்கி வைத்துக்கொண்டார். கேழ்வரகு மாவுப் பானையின் அடியில் கரண்டி இடிக்கிறது. சர்க்கரை மட்டும் தூக்கு நிறைய இருக்கிறது.

வழியில் பேருந்து நிழற்குடை பெஞ்சில் சுமையை இறக்கிவைத்துவிட்டு அமுதவல்லி மளிகைப் பையைப் பிரித்தாள். ரவை, கோதுமை மாவு, உளுந்து, புளி, சோப்பு, டீத்தூள். மிளகாய்த்தூள் வாசனை எழுந்தது. சாலையில் யாரும் இல்லை. ரவைப் பொட்டலத்தை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு புளியந்தோப்புவரை நடந்தாள். மகள் சந்தியாவுக்கு இரண்டு வேளைக்கு உப்புமா ஆகும்.

தோப்பைத் தாண்டவில்லை. கலைமணிக்குத் தெரிந்துவிடும் என்பதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். தெரிந்தாலும் கலைமணி கேட்க மாட்டாள். மனத்தில் வைத்துக்கொண்டு, பார்க்கும்போதெல்லாம் அக்கா அக்கா என்று நன்றாகவே பேசுவாள். அதை நினைத்ததும் அமுதவல்லிக்கு உடம்பு எரிந்தது. பொட்டலத்தைப் பையிலேயே போட்டாள். திருடக்கூட விடாத நல்லவளாக ஒருத்தி பக்கத்துச் சுவரில் வந்து வாய்த்திருக்கிறாளே என்று இருந்தது.

கலைமணியின் வாசலுக்குக் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தது. கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஒட்டுத்தாள். காலையில் பஞ்சாயத்துத் தொண்டர்கள் மாட்டிவிட்டுப் போன காய்கறிப் பை மூங்கிலில் தொங்கியது. ஒட்டுத்தாள் உள்ள வீட்டுக்குத் தினமும் ஒரு பை. கத்தரிக்காய், தக்காளி, சில நாள் முட்டை.

சுமைகளை இறக்கிவைத்துவிட்டு அமுதவல்லி குரல் கொடுத்தாள். கலைமணி சன்னலுக்கு வந்தாள். கண்கள் உள்ளே போயிருந்தன. மூச்சு வாங்கியது.

"எல்லாம் இருக்குது. பணம் பைக்குள்ள இருக்குது. எண்ணிப் பாத்துக்க."

"நீ வாங்கியாந்தத எதுக்குக்கா எண்ணணும்?" கலைமணி சற்று நேரம் இருமினாள். "டீத்தூள நீ எடுத்துக்கக்கா. எங்க ரெண்டு பேருக்கும் வாயில ருசியே தெரியல. அரிசியும் கொஞ்சம் எடுத்துக்கன்னு சொல்லுவேன். நீங்க இந்த அரிசி திங்கமாட்டீங்களே."

குத்தலா, கரிசனமா என்று தெரியவில்லை. அமுதவல்லி சன்னல் கம்பிக்குப் பின்னால் அந்த முகத்தைத் தேடிப் பார்த்தாள். காய்ச்சல்தான் இருந்தது.

"ஆமா. திங்கமாட்டோம்" என்றாள்.

டீத்தூளை மட்டும் எடுத்துக்கொண்டு தன் பாதிக்குள் வந்தாள். மத்தியானம் சர்க்கரை நிறையப் போட்டுப் பாலில்லாத டீ வைத்து மூன்று பேரும் குடித்தார்கள். சுவருக்கு அந்தப்பக்கம் உலை கொதிக்கும் வாசனை வந்தது. காய்ச்சலோடும் எழுந்து சோறு வைக்கிறாள். வைப்பதற்கு இருக்கிறது.

மறுநாள் சுகாதார வண்டி வந்தது. ஒரே கூரை என்பதால் இவர்களுக்கும் பரிசோதனை வேண்டும் என்று செவிலியர் சொன்னார். சந்தியா அழுதாள். மூக்கில் குச்சி போகும்போது அமுதவல்லியின் கண்ணிலும் நீர் வந்தது.

அன்றைக்குப் படுக்கும்போது, குப்புராஜ் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நமக்கும் வந்துட்டா, நம்ம வாசல்லயும் பை மாட்டுவாங்க இல்ல?"

அவன் சிரிப்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை. தான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருப்பதை இந்த மனிதனும் நினைத்துக்கொண்டிருக்கிறான். "பேசாம படு. பொண்ணு முழிச்சிட்டிருக்குது" என்றாள். அப்புறம் தன் தொண்டையில் எச்சில் விழுங்கிப் பார்த்தாள். வலிப்பதுபோல இருந்தது. மறுபடி விழுங்கினாள். வலிக்கவில்லை.

முடிவு வந்த காலையில் அமுதவல்லி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். செவிலியர் தள்ளி நின்று பெயர்களைப் படித்துவிட்டு முகக்கவசத்துக்குள் சிரித்தார்.

"உங்க வூட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லைங்க."

"நல்லா பாத்தீங்களா? எனக்குத் தொண்ட ஒரு மாதிரி இருக்குதுங்களே."

"அது சும்மா பயம்மா. ஒண்ணுமே இல்ல. சந்தோஷமா இருங்க."

பின்னாலேயே தொண்டர் பையன் வந்தான். அமுதவல்லியின் வாசலைக் கடந்து போய் மூங்கிலில் பையை மாட்டினான். முருங்கைக்காய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இன்றைக்கு முட்டையும் இருந்தது. சந்தியா கதவோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அமுதவல்லி ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு மகளின் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். கையைத் திருப்பிப் புறங்கையால் கழுத்திலும் வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது.