அக்காவுக்கு வலப்பக்கம்

அக்காவின் முதுகுக்குக் கீழே கைகளைக் கொடுத்து அவளைத் திருப்பினான் தம்பி. லாரி ஓட்டி, சரக்கும் ஏற்றி இறக்கிப் பழகிய கைகள். தேவைக்கு அதிகமாகத் தூக்கிவிட்டான்.

“மெதுவாடா. நான் என்ன சிமெண்ட் மூட்டையா?” கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“மூட்டை இப்படி வாயாடாது.”

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவன் மனைவி விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. தையல் கம்பெனியில் காலர் வைப்பவள். இரண்டு வருடமாக மெஷின் முன்னால் உட்கார்ந்தாலே கண் இருட்டியது. பொம்பளைன்னா ரத்தம் கம்மியாத்தான் இருக்கும் என்று சொல்லி, தெருமுனை டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மலம் கறுத்தபோது மாத்திரையால்தான் என்றார்கள். மாத்திரையும் கறுக்கவைக்கும், உள்ளே கசிகிற ரத்தமும் கறுக்கவைக்கும். அதைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் பெண் டாக்டர்தான் காகிதத்தில் குடலை வரைந்து காட்டினார். “குடல் புத்துநோய். உங்க அக்காவுக்கு வலப்பக்கம். பெண்களுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமா வரும். ரத்தம் கண்ணுக்குத் தெரியாது, அசதி மட்டும்தான் தெரியும். இடப்பக்கம், கீழ வந்தா சிவப்பாவே போகும். ஆம்பளைங்ககிட்ட அது அதிகம். வயசானவங்களுக்குத்தான்னு இல்ல, இப்ப சின்ன வயசுலயும் பாக்கறோம். நீங்க கூடப்பிறந்தவர். குழாய் விட்டு ஒருதடவை பாத்துடுங்க.”

அவன் தலையாட்டினான். அன்று காலையும் அவனுக்குச் சிவப்பாகப் போயிருந்தது. நாளெல்லாம் இன்ஜின் சூட்டில் உட்காருகிறவனுக்கு மூலம் வராமலா இருக்கும்? யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற விஷயமா அது?

“டாக்டரம்மா சொன்னாங்களே, போய்ப் பாத்தியாடா?” என்றாள் அக்கா.

விரிப்பின் மேல் மனைவியின் கை நின்றது.

“பாத்துட்டேங்கா. ஒண்ணுமில்லையாம்.”

“நிஜமா?”

“உங்கிட்ட போய்ப் பொய் சொல்வனா?”

“அப்பாடா” என்றாள். வெளியே வந்ததும் மனைவி அவன் தோளில் ஒரு அடி போட்டாள். “எப்பப் போனீங்க? ஒரு வார்த்தை சொல்லல.”

“போன லோடு இறக்கிட்டு வரும்போது.”

சாயங்காலம் அக்காவின் மூச்சு ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வந்தது. அடுத்தது வருமென்று அக்காவின் புருஷன், மச்சான், டம்ளரும் கையுமாகக் காத்துக்கொண்டிருந்தார். வரவில்லை. டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். தம்பி அதை வாங்கிக்கொண்டான்.

வாசலில் நாற்காலிகள் வந்து இறங்கின. தையல் கம்பெனிப் பெண்கள் வேலை உடையோடு வந்தார்கள். “கிழவனுங்களுக்கு வர்ற நோயாச்சே, இவளுக்கு எப்படி?” என்று யாரோ கேட்டார்கள்.

“நல்லவேளை, இவரு பாத்துக்கிட்டாரு” என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஒண்ணுமில்லையாம். அதைக் கேட்ட நிம்மதியிலதான் அண்ணி கண்ணை மூடினாங்க.”

புதிதாக வந்த ஒவ்வொருவரிடமும் அதைச் சொன்னாள். கேட்டவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மச்சான் மட்டும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். “நீயாவது தப்பிச்சியேடா” என்று அவன் கழுத்தில் முகத்தை வைத்து அழுதார். அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வண்டி வந்துவிட்டது. முன்பக்கம் தூக்க ஆள் தேவைப்பட்டது.

மறுநாள் காலை அவன் கழிப்பறைக்குப் போனான். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் இங்க வாயேன்.”

“என்ன, துண்டை மறந்துட்டீங்களா?”

“இல்ல. வா.”

ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி கழிப்பறைப் பக்கம் வந்தாள். அவன் இன்னும் தண்ணீர் ஊற்றியிருக்கவில்லை. கதவை முழுதாகத் திறந்தான். விளக்கைப் போட்டான். அவள் உள்ளே பார்க்கும்படி, சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டான்.