இரண்டு நாளாக ஊறும் கறி

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை, ஒரு போன் காலில் ஓசியில் கிடைத்தது. பிழைப்புக்கு நான் எழுதுவது மிக்சி, வாஷிங் மெஷின் பெட்டிக்குள் வரும் கையேடு. யாரும் படிக்காமல் தூக்கிப் போடுகிற அந்தத் தாள்தான். அதனால் எண் போடாமல் எனக்கு எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "ஜாடிக்குள் அரிசி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது."

[அடித்துவிட்டேன். அரிசி மூச்சு விட்டால் பார்த்தவள் ஓடியிருப்பாள்.]

இரண்டாவது: "லிஃப்ட் மெக்கானிக்கான அவளுடைய வாழ்க்கையிலும் ஏற்ற இறக்கங்கள்

[சீச்சீ.]

மூன்றாவது: லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தி இருந்தாள். பொறுமைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். குக்கர் நாலு விசில் அடிக்கவேண்டும் என்றால் இரண்டிலேயே மூடியோடு மல்லுக்கு நிற்பாள். ஆனால் லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் ஆளே மாறிவிடுவாள். கதவு இடுக்கில் வாயை வைத்து, "பதறாதீங்க, கதவைத் தள்ளாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்பாள். அந்தக் குரலைக் கேட்டு உள்ளே இருப்பவர்கள் அழுகையை நிறுத்திவிடுவார்கள் என்று கேள்வி.

3

அவளுக்கு ஒரு அண்ணன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விருந்தில் அவள் பன்றிக்கறி பரிமாறினாள். வழக்கம்போல அவசரம், கறி வேகவே இல்லை. கடித்த கடியில் அண்ணனின் கடைவாய்ப் பல் உடைந்தது. அவர் கறித்துண்டைத் தூக்கிப் பிடித்து, அவளோடு வேலை பார்க்கிறவர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "இதுல ரெண்டு முழம் வெட்டி வை. உன் லிஃப்டுக்குக் கயிறா கட்டலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளைத் தவிர.

"அப்படின்னா இனிமே என் வீட்டுல கை நனைக்காதே."

அவர் நனைக்கவில்லை. இரண்டு வருடமாக.

[இந்த அண்ணன் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. கொஞ்சம் கொடுமைக்காரராக வந்துவிட்டார். நல்ல மனுஷன்தான். பல் உடைந்தால் எப்படி வலிக்கும் தெரியுமா? அது முன்பே சொத்தைப் பல் என்பதையும், எந்தக் கறியைக் கடித்திருந்தாலும் உடைந்திருக்கும் என்பதையும் அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவுதான் அவர் செய்த தப்பு. அந்தக் கயிறு கேலியும்.]

4

இப்போது மெக்கானிக்குக்கு வேறு ஊரில் வேலை. செவ்வாய்க்கிழமை லாரியில் சாமான் ஏற்றுகிறார்கள். அதற்குள் அண்ணன் தன் வீட்டில் ஒரு வேளையாவது சாப்பிட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். தானே கூப்பிட வாய் வரவில்லை, புருஷனை விட்டுச் சொல்லச் சொன்னாள். பிறகு கோஜி வாங்கி வந்தாள். அரிசியில் நல்ல பூஞ்சையை வளர்த்து ஜப்பான்காரர்கள் செய்கிற சரக்கு. அதில் உப்பும் தண்ணீரும் கலந்து, பத்து நாள், தினம் ஒரு தடவை கிளறவேண்டும்.

பத்து நாள்! அவளுக்கு!

புருஷன் அண்ணனுக்குப் போன் போட்டுப் புலம்பினார்: "மச்சான், மூணாவது நாளே 'இதுல எந்த போல்ட்டை முடுக்கினா சீக்கிரம் ஆகும்'னு கேக்கறா. ஆனா ஒரு நாள் கூட கிளறாம விடல. வேலைக்குப் போற வழியில பாதியில திரும்பி வந்து கிளறிட்டுப் போனா."

ஆக்கப் பொறுத்தாள், ஆறவும் பொறுத்தாள். பத்தாம் நாள் அரிசி விரலிடையில் நசுங்கியது, இனிப்பாக மணத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை மொத்தமான கறித்துண்டுகள்மேல் பூசி ஃப்ரிட்ஜில் வைத்தாள். சனிக்கிழமை மத்தியானம் விருந்து.

எச்சரிக்கை: ஒரு நாள் ஊறினால் கறி பஞ்சுபோல் ஆகும். மேலும் விட்டால் கோஜி கறியைத் தின்றுகொண்டே போகும், கடைசியில் கூழ்தான் மிஞ்சும். வாணலியில் போடும் முன் மேல்பூச்சைத் துடைக்கவும். தவறினால் கருகும்.

5

சனிக்கிழமை அண்ணன் வரவில்லை. "ஒரு வேலை வந்துடுச்சு, நாளைக்கு ஒரு மணிக்கு வர்றேன்" என்று செய்தி அனுப்பினார்.

என்ன வேலை? எழுதுகிறவன் ஒரு காரணம் வைக்கவேண்டும்.

அ. காய்ச்சல்.

ஆ. வீட்டில் குழாய் உடைந்தது.

இ. உட்கார்ந்து ஒரு கதைக்குத் தொடக்கம் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தார்.

'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று நான் இவ்வளவு நேரம் கூவிக்கொண்டிருந்தது உங்களுக்கு எப்போதோ கேட்டிருக்கும். சரி, நான்தான். அவள் என் தங்கை. சனிக்கிழமை சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு, பிறகு இந்த மேஜையில் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

6

முடிவு ஒன்று: கறி வாயில் கரைகிறது. அண்ணனும் தங்கையும் அழுகிறார்கள்.

[நடக்காது. எங்கள் குடும்பத்தில் யாரும் சாப்பிடும்போது அழமாட்டோம், புரை ஏறும்.]

முடிவு இரண்டு: ஒரு நாள் கூடுதலாக ஊறியதில் கறி குழைந்துவிட்டது. அண்ணன் வாயைத் திறந்து, "பரவாயில்லையே, இந்தத் தடவை பல்லே

[இதுதான் என் பயம். கறியை நம்புகிறேன், என் வாயைத்தான் நம்பவில்லை.]

7

ஞாயிறு, பன்னிரண்டு நாற்பது. போனில் அவள் குரல் வந்திருக்கிறது. இரண்டு வருடத்தில் முதல் தடவை.

"அண்ணா, கறியைத் துடைச்சு வச்சுட்டேன். அடுப்பு இன்னும் பத்த வைக்கல. நீ வந்தப்புறம்தான் போடுவேன். பதறாம வா. நான் இங்கதான் இருக்கேன்."

அவள் யாரிடம் இப்படிப் பேசுவாள் என்று இரண்டாம் எண்ணில் நானே எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது முடிவுக்கு நேரமில்லை. நான் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் அங்கே கறி இளகிக்கொண்டிருக்கிறது. அவள் வீடு இருபது நிமிட நடை, ஒரு செருப்பைப் போட்டுவிட்டேன், இன்னொன்றைத் தேடுகிறேன். கறி பஞ்சாக இருந்ததா, கூழாக இருந்ததா, உங்கள் இஷ்டம்போல எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் துண்டை எடுக்கும் முன்பே அந்தச் சொத்தைப் பல்லைப் பற்றி நான் அவளிடம் சொல்லிவிட்டேன் என்று எழுதுங்கள்.

பேனாவால் எழுதுங்கள். நான் எழுதினால் அடித்துவிடுவேன்.