மூன்றாவது நகல்

"திறந்து தொலையேன்!" என்று கணினியிடம் கெஞ்சிக்கொண்டே அடுத்த வரைபடத்தைத் தட்டினார் குடிநீர் வாரியத்தின் சேமிப்பக அதிகாரி. திரை கறுப்பாகவே நின்றது.

மேசைமேல் கைப்பேசி அலறியது. எதிர்முனையில் களப் பொறியாளர்.

"சார், மெயின் குழாய் வெடிச்சு ரோடே ஆறா ஓடுது! கரண்ட்டும் போச்சு. ஆஸ்பத்திரியில பச்சைக் குழந்தைங்க வார்டு ஜெனரேட்டரை நம்பித்தான் இருக்கு. அது இருக்கிறதோ தரைக்குக் கீழ! வால்வு எங்க புதைஞ்சிருக்குன்னு படத்தைப் பார்த்துச் சொல்லுங்க!"

"ஒரு நிமிஷம்பா..."

அலுவலகத்தில் அவருக்குச் 'சிக்கனம்' என்று பெயர். ஒரே மாதிரியான தரவுத் துண்டுகள் எத்தனை கோப்புகளில் இருந்தாலும், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழித்துவிடும் ஏற்பாட்டைப் பெருமையாகக் கொண்டுவந்தவர். வாரியத்தின் எல்லா வரைபடங்களுக்கும் ஒரே ஓரச் சட்டம், ஒரே முத்திரை. அந்தத் துண்டு ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. இன்று அது கெட்டது. கூடவே எல்லாப் படங்களும் படுத்துவிட்டன. மாற்று நகலும் அதே துண்டைத்தான் நம்பியிருந்தது.

வீட்டிலும் அவர் அப்படித்தான். பழைய சாமான்களை அவர் ஒழித்துப்போட ஒழித்துப்போட மனைவி பொறுத்துக்கொண்டாள். தன் பீரோவின் கீழ்த்தட்டை மட்டும் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கதவு திறந்தது. ஆவணப் பிரிவின் தலைவி. எல்லாருக்கும் 'அக்கா'.

"என்ன தம்பி, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சொன்னார். "நீங்க நகல் எடுத்து வெச்சிருந்த டேப்பையெல்லாம் நான்தானேக்கா கழிச்சுக் கட்டினேன்..."

"இங்க இருந்ததைத்தானே கட்டினீங்க?" அக்கா ஏற்கெனவே எண்களை அழுத்திக்கொண்டிருந்தார். "கண்ணு, நான்தான். அந்தப் பெட்டியை எடுத்துட்டு உடனே கிளம்பும்மா. ஆமா, இப்பவே."

"யாருக்கா?"

"அதை விடுங்க. மூலையில ஒரு மெஷினை 'பழைய இரும்பு'ன்னு எழுதி ஒட்டியிருக்கீங்களே, அதைத் தூசி தட்டுங்க. டேப்பைப் படிக்க வேற நாதி கிடையாது."

ஒட்டிய சீட்டை நகத்தால் சுரண்டும்போது அவருக்குக் காது சுட்டது.

"தண்ணி ஆஸ்பத்திரி கேட்டைத் தொட்டுடுச்சு சார்!" கைப்பேசி கத்தியது.

சற்று நேரத்தில் வாசல் காவலர் ஓடிவந்து, ஆட்டோவில் வந்த அம்மா கொடுத்ததாக ஒரு சின்ன இரும்புப் பெட்டியை நீட்டினார். குப்பென்று அந்துருண்டை வாசம். எங்கோ பழகிய வாசம். யோசிக்க நேரமில்லை. அக்கா கழுத்துச் சங்கிலியிலிருந்த சாவியால் திறந்து, நாடாவை இயந்திரத்துக்குள் தள்ளினார்.

"கெட்டுப்போயிருந்தா?"

"வருஷா வருஷம் புதுசா எழுதி, திருப்பிப் படிச்சுப் பாத்துட்டுத்தான் பூட்டுவேன். படிச்சுப் பாக்காத நகல் நகலே இல்ல தம்பி."

இயந்திரம் முனகியது, இருமியது, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. திரையில் ஒவ்வொரு கோடாக அந்தத் தெரு விரிந்தது. எந்தக் கணினியும் படிக்கக்கூடிய எளிய வடிவம். ஒரு கோடுகூடக் குறையவில்லை. அவருக்குக் கைகூப்பத் தோன்றியது.

"பொறியாளர் தம்பி, புத்தகக் கடை வாசல்ல, விளக்குக் கம்பத்துக்கும் படிக்கும் நடுவுல தோண்டுங்க!" என்றார் அக்கா.

கடப்பாறைச் சத்தம். யாரோ கத்துகிறார்கள். அப்புறம் வால்வைத் திருகும் கிரீச்சொலி.

"நின்னுடுச்சு சார்! ஜெனரேட்டர் ரூமுக்கு இறங்குற முதல் படியோட தண்ணி நின்னுடுச்சு! குழந்தைங்களுக்கு ஒண்ணும் இல்ல!"

சிக்கனம் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். "உங்களைக் கிறுக்குன்னு நினைச்சேன்கா. மன்னிச்சுடுங்க. ஒரு நகல் கட்டடத்துக்கு வெளியில இருக்கணும்னு நச்சரிச்சப்பகூடச் சிரிச்சேன்."

"சிரிச்சீங்க. அதனாலதான் மேலிடத்துல அனுமதி எழுதி வாங்கிட்டு, நீங்க கை வைக்காத இடமாத் தேடினேன்."

"நான் கை வைக்காத இடமா? அப்படி ஒண்ணு இந்த ஊர்லயே இல்லையேக்கா!"

"இருக்கே." அக்கா பெட்டியைப் பூட்டி அவர் மடியில் வைத்தார். "போகும்போது மறக்காம எடுத்துட்டுப் போங்க. உங்க சம்சாரத்தோட பீரோவுல, கீழ்த்தட்டுல வைக்கணும்."