பூசையில் வைத்த மடிக்கணினி

மடிக்கணினி தங்கப்பாண்டியினுடையது, அலுவலகத்தில் கழித்துப் போட்டதை எடுத்து வந்திருந்தான். அதைத் திறந்துவிட்டு உலை வைத்துத் திரும்பினாலும் திரை விழித்திருக்காது. அவன் மனைவி பாண்டீஸ்வரி, டியூஷன் எடுத்துச் சேர்த்ததைக் கொண்டு அதன் வேகத்தைக் கூட்டப் பெரிய ராம் என்ற நினைவகமும் புதிய ஹார்ட் டிஸ்க்கும் வாங்கினாள். கடைக்காரர் கண்ணுச்சாமி திருகுகளைக் கழற்றி அவற்றைப் பொருத்துவதைக் கண் எடுக்காமல் பார்த்தாள். கழற்றிய பழைய உறுப்புகளையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்று முதல் மடிக்கணினி தொட்டவுடன் விழித்தது.

அவளுக்கு அந்த வேகம் வேண்டியிருந்தது. மருத்துவர்கள் பேசிய பதிவைக் கேட்டு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் வேலைக்குப் பெங்களூர் நிறுவனம் ஒன்று இணையத்தில் தேர்வு வைத்தது. சரஸ்வதி பூசையன்று காலை பதினோரு மணிக்கு. தவறினால் மறுவாய்ப்பு இல்லை.

பூசையன்று குளித்துவிட்டு வந்தவள் திகைத்து நின்றாள். சாமி படத்தின் முன் புத்தக அடுக்கின் அடியில், சந்தனமும் குங்குமமும் தரித்து இருந்தது மடிக்கணினி.

"அத்த, இன்னைக்குப் பரீட்சைன்னு நேத்தே சொன்னேன்ல?"

"சொன்ன. அம்புட்டு வேகமா ஓடுதுன்னு பீத்திக்கிட்டயே, ஆத்தாளும் பாக்கட்டுமேன்னு வெச்சேன்" என்றாள் மாமியார் ஒச்சாயி.

"எடுத்துக்கிறேன் அத்த."

"கையை வெச்சுப் பாரு! பூசையில வெச்சத நாளைக்கு மறுபூச முடிச்சுத்தான் தொடணும். உங்க வீட்டுல இதக்கூடவா சொல்லித் தரல?"

பாண்டீஸ்வரி கணவனைப் பார்த்தாள். அவன் பொரியை மென்றுகொண்டே, "சோத்துக்கில்லாமயா கெடக்க? விடு" என்றான்.

விளாங்குடி முக்கில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள். அங்கே ஒவ்வொரு திரைக்கும் பொட்டு வைத்திருந்தது. "இன்னைக்கு மவுசைக்கூடத் தொட மாட்டோம் தங்கச்சி" என்று சொல்லி, சென்டர்காரர் கை நிறையச் சுண்டல் கொடுத்து அனுப்பினார். வீட்டுக்கு வந்தபோது மணி பதினொன்று தாண்டியிருந்தது.

மறுநாள் மறுபூசை முடிந்ததும் ஒச்சாயி மடிக்கணினியை எடுத்து இளைய மகன் முத்திருளனிடம் நீட்டினாள். சென்னையில் வேலைக்குச் சேர அன்று மாலை அவன் புறப்படவிருந்தான்.

"அத்த, அது..."

"ஏன், ஒன் புருசன் பொருளுதான? 'எந்தம்பிக்குக் குடு'ன்னு அவனே சொல்லிட்டான். நீ அத ஓட்டிப் பாத்த அன்னைக்கே முடிவு பண்ணியாச்சு."

உறுப்புகள் வாங்கப் போன நாளிலிருந்து மாமியார் ஒரு வார்த்தை குறுக்கே சொல்லாதது ஏன் என்று பாண்டீஸ்வரிக்கு இப்போது விளங்கியது. அவள் அழவில்லை.

"குடுங்க தம்பி, தொடச்சுத் தாரேன். குங்குமம் உள்ள போயிரப் போகுது" என்று வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். திருப்புளியை எடுத்தாள். கண்ணுச்சாமியின் கை போன வழியிலேயே அவள் கையும் போயிற்று. புதியவை வெளியே வந்தன. பழையவை தம் இடத்திற்குத் திரும்பின.

முத்திருளன் மடியில் வைத்துத் திறந்தான். காத்திருந்தான். தேநீர் ஆறியது.

"என்ன அண்ணி, இம்புட்டு நேரமாகுது?"

"பூசையில வெச்சதுல்ல தம்பி, இன்னும் தூக்கம் கலையல. கூப்புட்டுப் பாருங்க. அத்த கூப்புட்டா எந்திரிக்கும்."

ஒச்சாயியின் முகம் வெளுத்தது. பாண்டீஸ்வரி அதை ஆற அமரப் பார்த்தாள். முந்தானை முடிச்சில் ராமும் டிஸ்க்கும் இடுப்பை அழுத்தின. அவற்றைப் பொருத்திக்கொள்ள அவளிடம் வேறு கணினி இல்லை.